புலி பார்க்க எந்தக் காட்டுக்குப் போகலாம்? கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): முதல் முறையாகப் புலி பார்க்கக் கிளம்புகிறோம். முதுமலை போதுமா, வடக்கே போக வேண்டுமா?

புலிதான் நோக்கம் என்றால் மகாராஷ்டிரத்தின் தடோபாவுக்குப் போங்கள். இத்தனைக்கும் 2022 கணக்கெடுப்பில் முதுமலைக் காப்பகத்துக்குள் 114 புலிகள், தடோபாவில் 97தான். எண்ணிக்கை வேறு, கண்ணில் படுவது வேறு. முதுமலையில் உண்ணிச்செடி புதராக மண்டியிருப்பதால் பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது. தெப்பக்காட்டில் கிளம்பும் வனத்துறை வேன் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். தடோபாவிலோ கோடையில் தேக்கும் மூங்கிலும் இலை உதிர்ந்து காடு திறந்துகிடக்கும். திறந்த ஜீப்பில் ஒரு நேரத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கும். ஜீப்பைப் பார்த்துப் பழகிய புலிகள் என்பதால் சட்டென ஒளிவதில்லை. யானை, காட்டுமாடு, செந்நாய் எல்லாம் பார்க்க ஆசையென்றால் முதுமலையே நல்லது. தடோபாவில் அந்த யானைக் கூட்டம் கிடையாது.

கேள்வி (சென்னை): தடோபாவுக்கு எந்த மாதம்? முன்பதிவில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏப்ரல், மே. வெயில் 45 டிகிரியைத் தொடும். ஆனால் சிறு குட்டைகள் வற்றி, மிச்சமிருக்கும் தண்ணீரில் புலி வந்து படுக்கும் மாதங்களும் அவைதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை மையக் காடு மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதனால் திங்கள் இரவு போய் இறங்காதீர்கள்.

பலரும் சறுக்குவது நுழைவாயில் விஷயத்தில். மொஹர்லி வாயில் தெற்கே, கோலாரா வாயில் வடக்கே. ஒரு பக்கம் அறை எடுத்து மறுபக்கம் பதிவு செய்தால், விடியற்காலையில் வாயில் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. முதலில் வாயிலில் இடம் பிடியுங்கள், பிறகு அறை. பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலையே கொண்டுபோங்கள்; பெயர் மாறினால் உள்ளே விடமாட்டார்கள். ஒரு ஜீப்பில் ஆறு பேர். கைபேசிக்கு அனுமதியில்லை, தனி கேமரா வேண்டும். ரயிலில் போவதென்றால் டெல்லி தடத்தில் பல்லார்ஷாவில் இறங்கலாம். தடோபாவுக்கு அருகிலுள்ள சந்திரபூர் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி (மதுரை): இரண்டு முறை காட்டுக்குள் போயும் புலியே தென்படவில்லை. எங்கே தவறு?

இரண்டு முறை போதாது. நான்கு முறையாவது, அதுவும் ஒரே பகுதியில் போங்கள். முந்தின நாள் கால்தடம் எங்கே இருந்தது என்பது மறுநாள் வழிகாட்டிக்கு உதவும். அதைவிட முக்கியம், ஓட்டுநரை விரட்டாதீர்கள். "அங்கே புலி நிற்கிறதாம்" என்று ஓடும்போது, போய்ச் சேர்வதற்குள் அது புதருக்குள் போயிருக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புள்ளிமான் சிறுத்தைக்கும் கத்தும், செந்நாய்க்கும் கத்தும். சில நேரம் வெறும் சலசலப்புக்கே கத்திவிடும். கடமான் அப்படியல்ல. அது ஒரே இடத்தில் நின்று விட்டுவிட்டுக் கத்தினால் பெரும்பாலும் புலியோ சிறுத்தையோ அருகில் உண்டு. மரத்து மேலிருந்து மந்தியும் கத்தினால், அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். புலி அங்கேதான் இருக்கும்.

கேள்வி (ஈரோடு): அம்மாவுக்கு முதுகுவலி, ஜீப் குலுக்கல் ஆகாது. யானை பார்க்க ஆசைப்படுகிறார்.

கர்நாடகத்தின் கபினி அணைப் பகுதி. படகிலேயே பார்க்கலாம். கோடையில் அணை நீர் இறங்கியதும் கரையில் புல் முளைக்கும்; அதைத் தேடி நாகரஹொளே, பந்திப்பூர் இரு பக்கக் காட்டிலிருந்தும் யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் படகைப் பதிவு செய்யுங்கள். நல்ல மழை பெய்துவிட்டால் யானைகள் காட்டுக்குள் கலைந்துவிடும்.

கேள்வி (சேலம்): மசினகுடியில் இரவு சஃபாரி கூட்டிப்போகிறோம் என்கிறார்களே?

போகாதீர்கள், அது சட்டவிரோதம். விளக்கடித்து யானையை மிரட்டினால் அது வண்டியை நோக்கித்தான் வரும். முதுமலை, பந்திப்பூர் நெடுஞ்சாலையிலேயே இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருப்பது விலங்குகள் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான்.

கேள்வி (பொள்ளாச்சி): பரம்பிக்குளம் எப்படி?

காட்டுமாடு பார்க்க அருமையான இடம். காடு கேரளத்தில், வழியோ சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டில். இரு மாநில வனத்துறைக்கும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும்.

கேள்வி (திருச்சி): டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் கானா காட்டுக்குப் போகிறோம். என்ன உடுப்பது?

குளிருக்கு உல்லன் குல்லாய், கையுறை, காற்றுப் புகாத மேலங்கி மூன்றும் கட்டாயம். விடியற்காலையில் திறந்த ஜீப்பில் விரல் விறைத்துவிட்டால் கேமரா பொத்தானை அமுக்கவே முடியாது. புதன் மாலை காடு மூடியிருக்கும். முக்கி வாயில் பக்கம் புல்வெளியில் பாராசிங்கா மானைத் தேடிப் பாருங்கள். 1970 வாக்கில் 66 என்ற அளவுக்குக் குறைந்து, அங்கேயே மீட்டெடுக்கப்பட்ட மான் அது.