தீபாவளிக்கு யாருக்கு எவ்வளவு செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி பிறந்ததும் வரவேண்டிய கேள்விகள் இவை. இந்த வருஷமும் புரட்டாசி பாதி போன பிறகுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. மதுரை விளக்குத்தூண் துணிக்கடைகள் பக்கம் கால் வைக்க இடமில்லாத நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். பரவாயில்லை, ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு மில் வேலை, சம்பளம் 19,500. எனக்கு மூன்று நாத்தனார், ஒரு அண்ணன், ஒரு தம்பி. போன தீபாவளிக்கு போனஸ் 14,000 வந்தது. எல்லாருக்கும் துணி, பலகாரம் என்று 31,000 ஆகிவிட்டது. வளையலை அடகு வைத்து, மாசியில்தான் திருப்பினோம். இந்த முறை எதைக் குறைப்பது? (செல்லூர் வாசகி)

எதைக் குறைப்பது என்று ஆரம்பித்தால் யாரைக் குறைப்பது என்றுதான் போய் நிற்கும். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து வாருங்கள்.

போன வருஷம் வந்த 14,000 இந்த வருஷமும் வரும் என்று நினைத்து இப்போதே துணி எடுக்காதீர்கள். சட்டப்படி போனஸ் 8.33 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 20 சதவீதத்துக்கு மேல் போகாது. இடையில் எங்கே நிற்கும் என்பது மில்லின் லாபத்தைப் பொறுத்தது. பணம் கைக்கு வந்த பிறகு கடைக்குப் போங்கள்.

அதே 14,000 வந்ததாகவே வைத்துக்கொள்வோம். கால் பங்கை, அதாவது 3,500-ஐ, தொடவே வேண்டாம். தீபாவளி முடிந்த மூன்று மாதத்துக்குள் பொங்கல் வந்துவிடும், அந்தச் செலவு யார் நினைவிலும் இருப்பதில்லை. மீதி 10,500. உங்கள் பிள்ளைகளின் துணி, எண்ணெய், மாவு, வெடி எல்லாம் சேர்த்து 5,000. மிஞ்சுவது 5,500. ஐந்து வீடு என்பதால் வீட்டுக்கு 1,100.

1,100 ரூபாயில் ஒரு வீட்டில் எல்லாருக்கும் துணி எடுக்க முடியாது. போன வருஷம் நீங்கள் மாட்டிக்கொண்டதும் அங்கேதான். நாத்தனார், அவர் வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று தலைக்கொரு துணி என்று போனால் ஐந்து வீட்டுக்கு இருபது உருப்படி ஆகிவிடும். வீட்டுக்கு ஒரு துணி என்று மாற்றுங்கள். நாத்தனார் வீடுகளுக்குச் சேலை, அண்ணன் தம்பி வீடுகளுக்குப் பிள்ளைகளில் ஒருவருக்கு உடுப்பு, கூடவே வீட்டில் சுட்ட முறுக்கும் அதிரசமும். சேலைக்குச் சுங்குடியைப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது விலை கூடுதல். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கியது அந்த வேலைப்பாட்டுக்குத்தான். அச்சடித்த பருத்திச் சுங்குடி ஆயிரத்துக்குள் கிடைக்கும், கட்டவும் சுகம். (கொடுக்கிற சேலையைத் தானும் கட்டிக்கொள்ள ஆசைப்படும்படி எடுக்க வேண்டும் என்பது என் அம்மாவின் விதி. அப்பாவுக்கு அதில் செலவு கூடியது வேறு விஷயம்.)

இனி, சொல்கிற வேலை. நாத்தனார்களிடம் உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும், அண்ணன் தம்பியிடம் நீங்கள் சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் “அண்ணி வந்த பிறகுதான் இப்படி” என்று கதை கிளம்பும். அவர்கள் உங்களுக்குத் துணி எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். “அக்கா, இந்த வருஷம் வீட்டுக்கு ஒரு துணிதான். நீங்களும் அப்படியே செய்யுங்க, போதும்.” இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு வளையல் அடகுக் கடையில் இருக்கலாம்.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் முடித்தேன். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு அரைப் பவுனில் மோதிரம், வேட்டி சட்டை, மகளுக்குப் பட்டு என்று நினைத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டில் “மூத்தவனுக்கு அவன் மாமனார் வண்டி எடுத்துக் கொடுத்தார்” என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார்கள். கேட்கவில்லை, ஆனால் கேட்கிறார்கள். (மேலூர் பக்கத்துக் கிராமம்)

உங்கள் கடைசி வரியைச் சட்டமும் ஏறக்குறைய அப்படியேதான் எழுதி வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில், நேரடியாகக் கேட்டாலும் மறைமுகமாகக் கேட்டாலும் குற்றம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. கல்யாணத்தில் வழக்கப்படி தருகிற அன்பளிப்பை அதே சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது கொடுப்பவரின் வசதிக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்று நிபந்தனை போடுகிறது. அளவுகோல் உங்கள் வசதிதான். மூத்தவரின் மாமனாருக்கு எத்தனை ஏக்கர் என்பது இதில் வராது.

இதைச் சொன்னதும் நீங்கள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. முதலில் மகளிடம் பேசுங்கள். இந்தப் பேச்சு மாப்பிள்ளைக்குத் தெரிந்து நடக்கிறதா, பெரியவர்களின் வாயோடு நிற்கிறதா என்பது அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. அப்படியானால் வந்த ஆளிடமே பதில் கொடுத்து அனுப்புங்கள்: “எங்க சக்திக்கு மோதிரம், துணிமணி, மூணு நாள் விருந்து. மாப்பிள்ளையும் பொண்ணும் முந்தின நாளே வந்துரணும்.” வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேரம் ஆரம்பித்துவிடும். மகளை வாட்டுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் தயங்காதீர்கள், அப்போது இது பண்டிகைச் செலவுக் கணக்கே இல்லை.

மோதிரத்துக்கு அன்றைய பவுன் விலையைப் பாதியாக்கி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையில் முகம் வாடும்.

நான் ஒரே ஆண்பிள்ளை. அக்காமார் இரண்டு பேர், தங்கச்சி ஒருத்தி. பெரியக்கா வசதியாக இருக்கிறார். தங்கச்சி வீட்டுக்காரருக்குச் சரியான வேலை இல்லை. பொங்கல் சீர் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதா, தேவைக்குத் தக்கபடி செய்வதா? (திருநகர்)

ஒரே மாதிரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பொங்கல் சீரில் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, சேலை, தட்டில் கொஞ்சம் பணம் இருக்கும். அதை அக்கா வீட்டு வாசலில் இறக்கும்போது தெருவே பார்க்கிறது. பிறந்த வீட்டில் தனக்கு இடம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்குக் காட்டுகிற நாள் அது. வசதியான அக்காவுக்குக் குறைத்தால் “எனக்கு என்ன குறைச்சல்” என்று வாய் சொல்லும், மனது சொல்லாது. தங்கச்சிக்குக் கூட்டினால் அவள் நிலைமையை நீங்களே தெருவுக்குச் சொன்ன மாதிரி.

எனவே மூன்று பேரிலும் தங்கச்சியை மனதில் வைத்து, உங்களால் வருஷா வருஷம் தடையில்லாமல் செய்ய முடிகிற தொகையை முடிவு செய்யுங்கள். ஒரு வருஷம் 5,000 வைத்துவிட்டு அடுத்த வருஷம் 2,000 வைப்பதைவிட, என்றைக்கும் 2,000 வைப்பது மரியாதை. தங்கச்சிக்கு உண்மையில் தேவைப்படுவது ஜூனில், பள்ளிக்கூடம் திறக்கும்போது. கட்டணத்தில் ஒரு பகுதியை அப்போது அவள் கணக்குக்கு அனுப்புங்கள். தட்டும் வேண்டாம், பெரியக்காவுக்குத் தெரியவும் வேண்டாம்.

அப்புறம், மொய் நோட்டில் சீரை எழுதி வைக்காதீர்கள். காதுகுத்து, கல்யாணத்துக்கு வந்த மொய் திருப்பிச் செய்யவேண்டிய கடன், அது நோட்டில் இருக்க வேண்டியதுதான். கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்த கரும்பையும் அதே நோட்டில் ஏற்றினால், என்றாவது ஒருநாள் யாராவது அதை வாசிப்பார்கள்.

பட்டாசுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? சிவகாசிக்கே போய் மொத்தமாக வாங்கினால் லாபமா? (அவனியாபுரம்)

நம் மாநிலத்தில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் பிள்ளைகளால் எவ்வளவு கொளுத்த முடியுமோ அவ்வளவு போதும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு வண்டியில் போனால் சிவகாசி லாபம். தனியாகப் போனால் பெட்ரோல் தின்றுவிடும், போதாததற்கு மலிவு என்று இரண்டு மடங்கு அள்ளிக்கொண்டு வருவீர்கள். இணையத்தில் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. செல்போனில் வரும் எண்பது சதவீதத் தள்ளுபடிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

அலுவலகத்தில் கிறிஸ்துமஸுக்கு கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் சீட்டு எடுக்கிறோம், சீட்டில் வரும் பெயருக்கு ரகசியமாகப் பரிசு. 300 ரூபாய் என்று பேச்சு. போன வருஷம் எனக்கு ஒருவர் 1,500 ரூபாய் கைக்கடிகாரம் கொடுத்துவிட்டார். நானும் கூட்ட வேண்டுமா? (கே.கே. நகர்)

வேண்டாம். 300 என்றால் 300. இந்த முறை சீட்டு எடுக்கும்போதே “பில்லோடு கொடுக்கணும்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். மாதம் 1,000 கட்டினால் பண்டிகைக்கு மளிகை, இனிப்பு, பட்டாசு, ஒரு வெள்ளிக் காசு. சேரலாமா? (வில்லாபுரம்)

ஒருமுறை இப்படிச் சேர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் தெருவில் சீட்டு நடத்தியவர் தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு வீட்டைக் காலி செய்திருந்தார். நல்லவர்தான், அவர் பணத்தைக் கொடுத்துவைத்த இடம் கைவிரித்தது. எங்களுக்கு மட்டும் அதனால் என்ன ஆறுதல்?

ஏலச் சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இப்படிப் பணம் வாங்கிப் பொருள் தருகிற தெருச் சீட்டுக்கு அந்தக் காவலும் கிடையாது. வங்கியில் மாதா மாதம் கட்டுகிற 12 மாத ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள். அஞ்சலகத்தில் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம் என்றாலும் அது ஐந்து வருஷத் திட்டம், தீபாவளிக்கு ஒத்துவராது. இந்தப் புரட்டாசிக்குள்ளேயே தொடங்கினால் அடுத்த தீபாவளிக்குக் கையில் 12,000-மும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். வெள்ளிக் காசு வேண்டுமானால் நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். கட்டிய பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்புங்கள், தடயம் இருக்கும்.

பேரன் பேத்தி ஒன்பது பேர். ஓய்வூதியத்தில் ஆளுக்கு 500 கொடுக்க ஆசை. “உங்களுக்கு எதுக்கும்மா செலவு” என்கிறான் மகன். (சோழவந்தான் பாட்டி)

மொத்தம் 4,500. மருந்துச் செலவு தனியாக இருக்கிறதென்றால் கொடுங்கள், மகனிடம் கேட்க வேண்டாம். இல்லையென்றால் ஆளுக்கு 101. சின்னதுகளுக்கு ஐந்நூறும் நூறும் ஒன்றுதான், நோட்டு மொறுமொறுவென்று இருந்தால் போதும். வங்கியில் இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள், கடைசி நாளில் புது நோட்டு இருக்காது.