பழைய ஆர்1 ரைபிளை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா? – கேள்வி பதில்

1981-ல் ஜெர்மனியின் மெல்ரிக்‌ஷ்டாட் நகரிலிருக்கும் வைராவ் தொழிற்சாலையிலிருந்து ஒரே ஏர் ரைபிள் இரண்டு பெயர்களில் வெளிவந்தது. அமெரிக்காவுக்குப் போனது பீமன் ஆர்1. வைராவின் சொந்தப் பெயரில் விற்றது எச்டபிள்யூ 80. கட்டையின் வடிவம்தான் வேறு, உள்ளே இருப்பது ஒன்றுதான். குழலை மடக்கினால் ஸ்பிரிங் அழுந்தும், டிரிகரை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும், அந்தக் காற்று பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டை வெளியே தள்ளும். எடை சுமார் 4 கிலோ. முயல், அணில் வேட்டைக்குப் போகிறவர்கள் பல வருடம் இதை வைத்துத்தான் மற்ற ஸ்பிரிங் ரைபிள்களை எடைபோட்டார்கள். இப்போது சிலிண்டரில் காற்று நிரப்பிச் சுடும் பிசிபி ரைபிள்கள் மலிவாகிவிட்டன. பழையதை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் கீழே.

கேள்வி: சார், டெக்சாஸில் இருக்கிறேன். மாமனார் தன் .22 (குழலின் விட்டம் 0.22 அங்குலம்) ஆர்1-ஐ எனக்குக் கொடுத்தார். இருபது வருடம் அலமாரியில் கிடந்தது. இதற்குச் செலவு செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் மூன்று சோதனை. ஒன்று, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றிவிட்டு, மூடும் முன் குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடக் கூடாது. கையை இலேசாகத் தளர்த்தினால் குழல் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும், தானாகத் தொங்கக் கூடாது. தொங்கினால் கீலின் போல்ட்டை இறுக்க வேண்டும். இந்த ரைபிளில் அது மரையுள்ள போல்ட், அதனால் இறுக்க முடியும். மலிவான துப்பாக்கிகளில் வெறும் பின் அடித்திருப்பார்கள், தேய்ந்தால் போனதுதான். இந்தச் சோதனை முழுக்க ஒரு கை குழலை விடவே கூடாது. இதில் குழல் திறந்திருக்கும்போது டிரிகரைத் தடுக்கும் பூட்டு கிடையாது, நழுவினால் விரல் போகும். பெல்லட் போடும்போதும் இதே பழக்கம்தான்.

இரண்டு, குழலின் பின்வாயில் இருக்கும் ரப்பர் சீலை நகத்தால் தொடுங்கள். பொடிந்து வந்தாலோ தட்டையாகிக் கிடந்தாலோ மாற்றுங்கள். மூன்று, குரோனோகிராப் என்ற வேகமானி வைத்துப் பத்து ஷாட். பெல்லட் இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடாதீர்கள். பிஸ்டனை மெத்தை போலத் தாங்குவது பெல்லட்டுக்குப் பின்னால் அடைபடும் காற்றுதான். அது இல்லையென்றால் பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முனையில் போய் மோதும்.

கேள்வி: 14.3 கிரெயின் (பெல்லட் எடையின் அலகு) பெல்லட் போட்டேன். வினாடிக்கு 590 அடி, 660, 615 என்று தாறுமாறாக வருகிறது. எவ்வளவு வர வேண்டும்?

பதில்: நல்ல நிலையிலுள்ள .22 ஆர்1-ல் அந்த எடைக்கு 750 அடி வாக்கில் எதிர்பார்க்கலாம். கணக்கு இது: கிரெயின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 4,50,240-ஆல் வகுத்தால் சக்தி அடி-பவுண்டில் கிடைக்கும். 750-க்கு ஏறத்தாழ 18 வரும், அதாவது 24 ஜூல். உங்கள் 590-க்கு 11-தான். வேகம் குறைவது ஒரு நோய், ஷாட்டுக்கு ஷாட் மாறுவது இன்னொரு நோய். நல்ல ஸ்பிரிங் ரைபிளில் பத்து ஷாட்டுக்குள் வித்தியாசம் 15 அடிக்குள் நிற்கும். உங்களுடையது 70.

மெல்லிய டிஷ்யூ காகிதத்தைச் சிறு துண்டாகக் கிழித்து, குழல் உடலோடு சேரும் கோட்டின் மேல் வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் பின்வாய் சீல் கசிகிறது, அதை மாற்றினாலே பாதி சரியாகும். அசையவில்லை என்றால் பிஸ்டன் சீல் அல்லது ஸ்பிரிங். ஸ்பிரிங் உடைந்தாலும் துப்பாக்கி சுடும் என்பது பலருக்குத் தெரியாது. உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று திருகிக்கொண்டு வேலை செய்யும், வேகம் மட்டும் இறங்கும். மடக்கும்போது கரகரவென்று மணல் அரைப்பது போலச் சத்தம் கேட்டால் அதுதான்.

குழல்வாயில் புகையும் பெட்ரோல் எஞ்சின் வாடையும் வந்தால், யாரோ உள்ளே சாதாரண எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அடைபட்ட காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும். ஒரு ஷாட் 900 காட்டும், அடுத்தது 600, சீலும் கருகும். டபிள்யூடி-40 இந்தத் துப்பாக்கியின் உட்புறத்துக்கு எதிரி.

கேள்வி: பிரித்துச் சீல் மாற்ற நானே முடியுமா அண்ணா?

பதில்: ஸ்பிரிங் அமுக்கும் கருவி இருந்தால் முடியும். இல்லாமல் தொடாதீர்கள். பின்மூடி மரை போட்டது, திருகினால் கழன்று வரும். ஆனால் துப்பாக்கி ஏற்றாத நிலையிலேயே ஸ்பிரிங் ஓரிரு அங்குலம் அழுந்தித்தான் உட்கார்ந்திருக்கும். கடைசி மரை விடும்போது கையில் நிற்காது.

பெல்லட் இல்லை, ஏற்றவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்கோப்பைக் கழற்றுங்கள். முன்கட்டையின் இரண்டு பக்க ஸ்க்ரூ, டிரிகர் காவலின் ஸ்க்ரூக்கள், பிறகு மரக்கட்டை தனியாக வரும். டிரிகர் பெட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு குறுக்கு பின்களைத் தள்ளும்போது இன்னொரு கட்டைவிரல் சேஃப்டி பட்டன் மேல் இருக்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, பறந்தால் தேடி அலைவீர்கள். இப்போது கருவியில் வைத்துப் பின்மூடியைத் திருகி மெதுவாகத் தளர்த்துங்கள். ஸ்பிரிங்கும், அதை வளையாமல் தாங்கும் கைடும் வெளியே வரும். கீல் போல்ட்டைக் கழற்றிக் குழலையும் மடக்கும் கம்பியையும் விலக்கினால் பிஸ்டன் பின்பக்கமாக உருவும்.

பழைய சீல் பிசுபிசுத்துப் போயிருந்தால் சிலிண்டரை முழுதும் துடையுங்கள். ஆர்டர் போடும் முன் சிலிண்டரின் உள்விட்டத்தைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். புதுச் சீல் போடும்போதுதான் பெரும்பாலானவர்கள் கெடுக்கிறார்கள். உடலின் அடியிலிருக்கும் நீளப் பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். சீல் அதைக் கடந்து போகும்போது ஒரு மயிரிழை சீவிவிடும், வேகம் வராது, ஏன் என்றும் புரியாது. விளிம்பை நைஸ் எமரித் தாளால் மழுக்கித் துடைத்துவிட்டு, சீலின் பக்கங்களில் மாலிப்டினம் பசை தடவி, சுற்றிலும் விரலால் அமுக்கி அமுக்கி உள்ளே விடுங்கள். சீலின் முகத்தில் பசை வேண்டாம், அதுவும் எரியும். பிஸ்டனின் பின்விளிம்புக்கு ஒரு பூச்சு. ஸ்பிரிங்குக்குத் தார் போன்ற கெட்டி கிரீஸ், மெல்லிய படலமாக. நிறைய அப்பினால் வேகம் குறையும்.

திரும்ப மாட்டும்போது, ரெக்கார்ட் என்று பெயருள்ள இதன் டிரிகர் பெட்டி ஏற்றிய நிலையில் இருக்க வேண்டும். உள்கொக்கியை அமுக்கி 'கிளிக்' என்று ஏற்றிவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின் துளைகள் நேராகவே வராது. முதல் சில டஜன் ஷாட்டுக்குப் புகை வரும், பயப்படாதீர்கள். 200 ஷாட் தாண்டியபின் குரோனோகிராப் சொல்வதை நம்புங்கள்.

கேள்வி: பிரித்ததுதான் பிரித்தோம், இன்னும் கடினமான ஸ்பிரிங் போடலாமே?

பதில்: வேண்டாம். சக்தியைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் மட்டுமில்லை, பிஸ்டன் ஓடும் தூரமும் சிலிண்டரின் கொள்ளளவும்தான். அந்த அளவுக்கு மேல் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் பிஸ்டன் முன்னே போய்க் காற்றில் பட்டுத் துள்ளித் திரும்பும். கூடுவது 20, 30 அடி வேகம். கூடவே மடக்கும் பாரமும் உதறலும், ஸ்கோப்பின் சாவும். 24 ஜூல் தரும் அமைதியான ஆர்1, 26 ஜூல் தந்து கத்தும் ஆர்1-ஐ விட நூறு மடங்கு மேல். காசைச் சீலுக்கும் இறுக்கமான ஸ்பிரிங் கைடுக்கும் போடுங்கள்.

கேள்வி: வேகம் சரியாக இருக்கிறது, 25 கஜத்தில் குறி மட்டும் உள்ளங்கை அகலம் சிதறுகிறது.

பதில்: ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன்கட்டை ஸ்க்ரூ இரண்டும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நூறு, நூற்றைம்பது ஷாட்டுக்கு ஒருமுறை பார்ப்பது இந்தத் துப்பாக்கியின் நித்திய கடமை.

அடுத்தது பிடி. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி பின்னே நகர ஆரம்பிக்கிறது, பிஸ்டன் நிற்கும்போது முன்னே உதறுகிறது. அதை இறுக்கிப் பிடித்து நிறுத்த எந்த மனிதராலும் முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நகர விடுவதுதான் வழி. இடது உள்ளங்கையைத் திறந்து வைத்து அதன்மேல் முன்கட்டையைக் கிடத்துங்கள், விரல்கள் சுற்ற வேண்டாம். தோளில் இலேசாகத் தொட்டால் போதும். மணல்மூட்டை மேல் நேராக வைத்துச் சுட்டால் சிதறும். பிறகு நாலைந்து வகை பெல்லட் வாங்கி ஒவ்வொன்றிலும் இருபது சுட்டுப் பாருங்கள். ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 15.89, எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி 14.66 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது.

கேள்வி: ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி உடைந்துவிட்டது. .308 தோட்டா ரைபிளில் வைத்திருந்த நல்ல ஸ்கோப்தான்.

பதில்: .308 பின்னே மட்டும் உதைக்கும். இது முன்னேயும் உதைக்கும். முன் உதறலுக்கு லென்ஸ் கட்டப்படாத ஸ்கோப் எவ்வளவு விலையானாலும் உடையும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்று சொல்லி விற்பதை வாங்குங்கள், பத்து கஜம் வரை ஃபோகஸ் இறங்குகிறதா என்றும் பாருங்கள். மவுண்ட் பின்னே நழுவாமலிருக்க உடலின் மேல் சின்னக் குழிகள் உண்டு. மவுண்டின் நிறுத்து பின் அதில் இறங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: இதற்குப் பதில் பிசிபி வாங்கினால் என்ன?

பதில்: உங்கள் வேலை எது என்பதைப் பொறுத்தது. பிசிபி உதறாது, புதிதாகச் சுடுபவர்கூட ஒரே வாரத்தில் 50 கஜத்தில் குறி சேர்ப்பார். ஆனால் 200, 250 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும், அதற்குக் கம்ப்ரஸரோ ஸ்கூபா டேங்கோ கைப்பம்போ வேண்டும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கசிந்தால் காலையில் மானி பூஜ்யம் காட்டும். தோட்டத்தில் மாதம் நாலு அணில், ஆறு மாதம் அலமாரியில் தூக்கம் என்றால் ஆர்1 எடுத்தவுடன் சுடும். வாரம் 500 ஷாட், நீள தூரம் என்றால் பிசிபி வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கும் பிசிபிதான். ஆர்1-ஐ மடக்க 15 கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும், நாள் முழுக்க ஆகாது.

கேள்வி: முயலுக்கு எவ்வளவு தூரம் வரை?

பதில்: தலையில் ஒரு அங்குல வட்டத்துக்குள் பத்துக்குப் பத்து விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்தத் துப்பாக்கியில் அது 30, 35 கஜம். 50 கஜத்திலும் சக்தி மிச்சமிருக்கும், குறிதான் இருக்காது. காயம்பட்டு ஓடும் மிருகத்துக்கு நாம்தான் பொறுப்பு.

கேள்வி: .20 ஆர்1 ஒன்று விற்பனைக்கு வருகிறது.

பதில்: நல்ல காலிபர், அதாவது குழல் விட்டம். பெல்லட் வகைகள் குறைவு. பிடித்த ஒன்று கிடைத்தால் பத்து டப்பா சேர்த்து வாங்கி வையுங்கள்.

கேள்வி: பழையது வாங்கும்போது எதைப் பார்த்து ஒதுங்க வேண்டும்?

பதில்: வளைந்த குழல். திறந்திருக்கும்போது யாராவது டிரிகரை இழுத்திருந்தால் குழல் சாட்டை போல மேலே அடித்து வளைந்துவிடும். மூடிய நிலையில் குழலின் அடிக்கட்டைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கட்டையின் பிடி மெலிந்த இடத்தில் மயிரிழை விரிசலும் அதன் சாட்சி. அடுத்து முத்திரை. பீமன் பெயரில் மலிவான சீனத் தயாரிப்புகளும் நிறைய உண்டு. ஜெர்மனித் தயாரிப்பு என்று உடலில் பொறித்திருக்க வேண்டும். ஆர்எக்ஸ் என்ற மாடல் என்றால் அதே உடலில் ஸ்பிரிங்குக்குப் பதில் தியோபென் நிறுவனத்தின் வாயு அறை. பழைய வாயு அறை இறங்கியிருந்தால் நிரப்ப அதற்கான பம்பும் இணைப்பும் வேண்டும். அவை கூட வராவிட்டால் விலையைப் பாதியாகப் பேசுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். அமெரிக்க நண்பரின் ஆர்1-ஐ வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டுக்கு மேல் போனால் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்க ஆர்1 அதைத் தாண்டும். அங்கேயே அந்த எல்லைக்குள் விற்கும் எச்டபிள்யூ 80 வாங்குங்கள். ஸ்காட்லாந்தில் அதற்குக் கீழேயும் தனிச் சான்றிதழ் உண்டு. ஜெர்மனியில் உரிமமில்லாத எல்லை 7.5 ஜூல்.

கேள்வி: ஊருக்கு, கோயம்புத்தூருக்கு, கொண்டுவர முடியுமா?

பதில்: 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேலோ .177-க்குப் பெரிய குழலோ இருந்தால் உரிமம் வேண்டும். .22 ஆர்1 இரண்டிலும் மாட்டும். உரிமம் கிடைத்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டு முயலைச் சுடுவது குற்றம். கொண்டுவராதீர்கள்.

கேள்வி: ஏற்றிவிட்டேன், அணில் போய்விட்டது. சுடாமல் இறக்குவது எப்படி?

பதில்: சுலபமான வழி, பாதுகாப்பான மண்மேட்டில் சுட்டுவிடுவது. சுட முடியாத இடமென்றால் குழலை மடக்கி, பெல்லட்டை எடுத்துவிட்டு, கடைசி வரை இழுத்துப் பிடியுங்கள். சேஃப்டியை அமுக்கி டிரிகரை இழுத்தபடியே, முழுப் பாரத்தையும் கையில் தாங்கி, குழலை மெதுவாக மேலே விடுங்கள். பாதியில் கையை எடுத்தால் வளைந்த குழல்தான். ஓரிரு மணி நேரம் ஏற்றியே இருந்தால் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகாது. இரவு முழுக்க வைக்காதீர்கள்.