கொட்டிலில் கிடக்கிற செயின் வாள் ஏன் ஒயில் கக்குகிறது?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்துப் புத்தூரில் எட்டுப் பரப்புத் தோட்டம். வேலிக்கு நட்டுத் தளிர்க்கவிடும் கதியால் வெட்டவும் விறகு தறிக்கவும் போன வருசம் 58 சி.சி., 20 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற தகடு) உள்ள செயின் வாள் ஒன்று வாங்கினேன். வருசத்துக்கு நாலைந்து நாள்தான் வேலை. முடித்துத் தகரக் கொட்டிலுக்குள் வைத்தால் இரண்டு கிழமையில் ஒயில் தாங்கி வெறுமை, நிலமெல்லாம் ஒயில். இந்தமுறை பக்கத்தில் கிடந்த விதைவெங்காயத்திலும் ஊறிவிட்டது. லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கழற்றும் பழைய ஒயிலை வடித்துத்தான் ஊற்றுகிறேன். செயினுக்கு ஒயில் விடுகிற பம்ப் போய்விட்டது, அதை மாற்றுகிற காசோடு கொஞ்சம் போட்டால் புது வாளே வாங்கலாம் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? வாங்குவதென்றால் எது?

பதில்: பம்பும் வேண்டாம், புது வாளும் வேண்டாம். பம்ப் செத்தால் பார் காய்ந்து புகையும், விளிம்பு நீலம் பாயும். உங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே. ஒரு காட்போட் மட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பாரின் முனை நிற்கும்படி வாளைப் பிடித்து, எஞ்சினை அரை நிமிசம் முறுக்குங்கள். மட்டையில் மெல்லிய ஒயில் கோடு விழுந்தால் பம்ப் உயிரோடுதான் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை. அதைச் செய்யாமலே பம்ப் விற்கப் பார்ப்பவரிடம் புது வாள் பற்றி யோசனை கேட்காதீர்கள்.

ஒழுக வைப்பது உங்கள் தகரக் கூரை. ஒயில் தாங்கியின் காற்றுத் துளையில் ஒரு சிறிய வால்வு உண்டு. அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. மத்தியான வெக்கையில் தாங்கிக்குள் இருக்கிற காற்று விரிந்து ஒயிலை அமுக்க, ஒயில் ரியூப் வழியே பம்பைக் கடந்து, பார் பூட்டுகிற இடத்துத் துளையால் கசியும். இரவு குளிர்ந்ததும் வால்வு திரும்பக் காற்றை இழுக்கும், மறுநாள் மத்தியானம் அதே கதை. தாங்கியில் பாதி ஒயில் விட்டு வைத்தால் இன்னும் மோசம், விரிவதற்கு அங்கே காற்று கூட. ஆகவே வேலை முடிந்து வாள் ஆறியதும் மூடியைத் திறந்து மிச்ச ஒயிலைப் போத்தலில் வடித்துவிடுங்கள். பாரின் தவாளிப்பிலிருந்து ஒன்றிரண்டு கரண்டி பிறகும் சொட்டும். அது பழுதல்ல.

வடித்தெடுக்காமல் நிழலில் வைத்தும் ஒழுகினால், மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பாதி ஒயில் விட்டு, மட்டைமேல் ஓரிரவு வையுங்கள். மூடிக்கு நேரே நனைந்தால் றப்பர் வளையம் வெடித்திருக்கும், அல்லது புரியில் மரத்தூள் அகப்பட்டிருக்கும். பக்கமூடிக்குக் கீழே நனைந்தால் ஒயில் ரியூப் வளைகிற இடத்தில் பாருங்கள், கீறல் அங்கேதான் விழும்.

இனி நீங்கள் கேட்காதது. கழற்றிய எஞ்சின் ஒயிலை வாளுக்கு ஊற்றாதீர்கள். நீங்கள் துணியில் வடித்தால் நிற்பது குப்பை மட்டும். எஞ்சின் தேய்ந்த இரும்புப் பொடி துணியைத் தாண்டிப் போய்ப் பம்பின் உள்ளே கீறும். டீசல் கலந்து தண்ணியாகிப்போன ஒயில் செயினில் ஒட்டாது, பார் முனையில் திரும்பும்போதே தெறித்துவிடும், நிறுத்தினால் விரைவாகக் கசியும். அதைவிட, செயின் வாள் ஒயில் திரும்பி வருகிற ஒயில் அல்ல. ஊற்றுவது முழுவதும் நிலத்துக்கும் உங்கள் கைக்கும் முகத்துக்கும்தான். உங்கள் வாளின் தாங்கி கால் லீற்றர் அளவு. நாளுக்கு மூன்று தரம் நிரப்பி நாலு நாள் வெட்டினால் மூன்று லீற்றர் கழிவு ஒயில், அதுவும் கிணற்றடி வேலி ஓரமாக. அந்தக் கறுப்பு ஒயிலில் புற்றுநோய்க்குக் காரணமான பொருட்கள் இருக்கின்றன. நிலாவரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்குச் சுண்ணாம்புக்கல்லின் குணத்தை நான் சொல்லவேண்டியதில்லை: மேலே ஊற்றியது வெடிப்பால் இறங்கிக் கீழே எங்கோ போய்ச் சேரும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாட்டைக் கண்டபிறகும் இதைச் செய்யலாமா?

பார் ஒயில் என்று முத்திரையோடு வருவதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.இ. 30 தடிப்புள்ள புதிய எஞ்சின் ஒயில் போதும். பரலிலிருந்து அளந்து தருவது வேண்டாம், அது எங்கே கழற்றியது என்று விற்பவருக்கே தெரியாது. தேங்காய் எண்ணெயும் சரிவராது. 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழி விடியலில் ரியூப் அடைத்து நிற்கும்.

கதியாலுக்குச் செயின் வாளே தேவையில்லை. பட்டையைக் கிழித்து, வெட்டுவாயில் ஒயில் பூசிவிடும். பூவரசோ கிளுவையோ, கூரான கத்தியால் ஒரே சரிவாக வெட்டியதுதான் ஒழுங்காக வேர்விடும். தென்னை, பனை தறிப்பது வாளோடு வருகிற கூலிக்காரர் வேலை. பனைநார் பக்கமூடிக்குள் அடைத்துக்கொள்ளும், செயின் சீக்கிரம் மழுங்கும். பெண்பனை, பலா, ஈரப்பலா என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும்.

மிஞ்சுவது விறகும் கிளையும். அதற்கு 58 சி.சி. அதிகம். கையிலிருப்பது கெட்டால் 30 முதல் 35 சி.சி., 14 அங்குல பார் போதும். வருசத்தில் நாலு நாள் வேலைக்குப் பெற்றோலை விடப் பற்றறி வாள் நல்லது என்பது என் எண்ணம். மாதக்கணக்கில் பெற்றோல் கிடந்து காபரேற்றர் கெடுகிற தொல்லை இல்லை. ஆறு அங்குலப் பற்றறிக் கைவாள்களில் பலவற்றுக்கு ஒயில் தாங்கியே கிடையாது, இடைக்கிடை செயினில் சில சொட்டு விட்டால் சரி. மணிக்கட்டுத் தடிப்புக் கிளைக்கு அது காணும். எதை வாங்கினாலும், காசு எண்ணமுன் அந்த வாளின் செயின், மூடி றப்பர், ஒயில் ரியூப் மூன்றையும் எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டி பெட்டியாக வாள் அடுக்கிவைத்து ஒரு ரியூப் வைத்திருக்காத கடையில் வாங்காதீர்கள். அந்த வாளின் பதிவுப் பத்திரமும் கேட்டு வாங்குங்கள்.

ஒயில் பட்ட விதைவெங்காயத்தைக் கழுவி நடலாமா என்று யோசிப்பீர்கள். நட வேண்டாம். தாளுக்குள்ளும் வேர்த்தட்டிலும் ஊறியது கழுவப் போகாது. அந்தப் பிடிகளை ஒதுக்கிவிடுங்கள். ஒயில் ஊறிய மண்ணைச் சுரண்டி உரப்பையில் கட்டுங்கள், எருக்குழிக்குள் மட்டும் கொட்டாதீர்கள்.