நாற்பத்தைந்துக்கு மேல் லெக்கிங்ஸ்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கவுனுக்குக் கீழே லெக்கிங்ஸ் போடுவதைப் பற்றித்தான். கவுனின் நீளம், துணி எதையும் எழுதாமல் "எனக்கு எடுபடுமா?" என்று மட்டும் கேட்டவர்களின் கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு ஜோசியம் தெரியாது.

எனக்கு 51 வயது. முட்டி வரை வரும் கவுனும் கறுப்பு லெக்கிங்ஸும்தான் பல வருடங்களாக என் உடை. "அது பழைய ஸ்டைல்மா" என்கிறாள் மகள். அப்படியா?

பாதி சரி. அவள் சொல்வது 2000-களின் நடுவில் எல்லோரும் போட்ட அந்த ஜோடியை: மெல்லிய ஃப்ராக், கெண்டைக்காலோடு நின்றுவிடும் பளபள லெக்கிங்ஸ், தட்டையான பெல்லி ஷூ. அது பழசாகிவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் டிரஸ்ஸுக்குக் கீழே ஏதாவது அணிவது என்ற பழக்கம் போகவில்லை. சமீப வருடங்களில் டிரஸ்ஸுக்குக் கீழே நேர்வெட்டு பேன்ட் போடுவது மறுபடி வந்திருக்கிறது, அதுவும் உங்கள் மகளின் வயதுக்காரர்களிடம்.

லெக்கிங்ஸையே தொடர வேண்டுமென்றால் மூன்றை மாற்றுங்கள். பளபளப்பு வேண்டாம், மங்கலான கனத்த துணி. கெண்டைக்கால் நீளம் வேண்டாம், கணுக்கால் வரை. மேலே போடும் கவுனும் காற்றில் பறக்கிற மெல்லிய துணியாக இல்லாமல் கொஞ்சம் கனமாக, முட்டியை மூடி நிற்கட்டும். 51 வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 25 வயதுப் பெண்ணுக்கும் இதையேதான் சொல்வேன்.

லெக்கிங்ஸ் சரியாக எந்த இடத்தில் முடிய வேண்டும்?

கணுக்கால் எலும்பை ஒட்டி, அல்லது அதற்கும் கீழே. கெண்டைக்காலின் தடித்த இடத்தில் வெட்டினால் கண் அங்கேயே நிற்கும், கால் குட்டையாகத் தெரியும்.

கடையில் அட்டைக் கறுப்பாக இருந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால் தொடையில் சாம்பல் நிறம், உள்ளாடை வரை தெரிகிறது. ஃப்ரீ சைஸ்தான் வாங்கினேன். சாயம் சரியில்லையா?

சாயத்தின் மேல் பழி போடாதீர்கள். நீங்களே காரணத்தை எழுதிவிட்டீர்கள்: ஃப்ரீ சைஸ்.

இதைப் பற்றி நான் எழுதி எழுதிக் கை வலித்துவிட்டது, இருந்தாலும் மறுபடி எழுதுகிறேன். லெக்கிங்ஸ் துணி பின்னல் துணி, அதாவது நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். இழுத்தால் கண்ணி விரியும், இடையில் தோல் தெரியும். கூடவே, உள்ளே ஓடும் எலாஸ்டேன் நூலில், அதாவது துணிக்கு இழுவை தரும் ரப்பர் மாதிரி நூலில், பருத்தி அளவுக்குச் சாயம் ஏறாது. சாயமே ஏறாமல் வெளிறி இருப்பதும் உண்டு. துணி தளர்வாக இருக்கும்போது அந்த நூல் மறைந்திருக்கும். இழுபட்டதும் வெளியே எட்டிப் பார்க்கும். நீங்கள் பார்த்த சாம்பல் நிறம் அதுதான்.

இப்போது கணக்கு. நல்ல பருத்தி லெக்கிங்ஸ் துணி 220 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராம், இருக்கும் என்று வையுங்கள். அது இழுக்காத துணியின் எடை. உங்கள் தொடையில் அது அகலத்தில் ஒன்றரை மடங்கு விரிந்தால், அந்த இடத்தில் இருப்பது சுமார் 150 தான், மெல்லிய டீ-ஷர்ட் அளவு. விலை குறைந்த ஃப்ரீ சைஸில் ஆரம்பமே 160, 170 என்றால் மீதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சீட் அளவு, அதாவது பின்புறச் சுற்றளவு, 34 அங்குலம் உள்ளவருக்கும் 44 உள்ளவருக்கும் ஒரே லெக்கிங்ஸ் எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. 34-க்குக் கணுக்காலில் சுருக்கம் சுருக்கமாக விழும், 44-க்குக் கண்ணாடி மாதிரி ஆகும். லாபம் விற்பவருக்குத்தான். ஒரே வெட்டு, ஒரே அடுக்கு, எந்த சைஸும் விற்காமல் தங்கும் கவலை இல்லை. அந்தச் சௌகரியத்துக்கு 'எல்லோருக்கும் பொருந்தும்' என்று அட்டையில் அச்சடித்து நம் தலையில் கட்டுகிறார்கள். ஐம்பது வயதில் இடுப்பு கொஞ்சம் கூடியிருக்கும், தொடை அப்படியே இருக்கும். இன்னொருவருக்கு நேர்மாறு. சைஸ் அதிகம் தேவைப்படுகிற வயதே இதுதான், இந்த வயதுக்காரர்களிடமே ஃப்ரீ சைஸைத் தள்ளுகிறார்கள்!

பெரிய பெயர் இருந்தால் பிரச்சினை இருக்காது என்றும் நினைக்காதீர்கள். யோகா உடைக்குப் பேர்போன லூலூலெமன் 2013-ல் தன் கறுப்பு பேன்ட்களில் ஒரு பகுதியைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. காரணம், துணி வழியாக உள்ளே தெரிந்தது.

அடுத்த முறை, பின்புறம் அதிகம் பருத்திருக்கும் இடத்தில் டேப் வைத்து சீட் அளவு எடுத்துக்கொண்டு, சைஸ் போட்டதை வாங்குங்கள். கடையிலேயே லெக்கிங்ஸுக்குள் கையை விட்டு விரல்களை விரியுங்கள். ரேகை தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும், லேபிளைக் கிழிப்பதற்கு முன், ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் குனிந்தும் உட்கார்ந்தும் பாருங்கள். நின்று பார்த்தால் எல்லா லெக்கிங்ஸும் நன்றாகத்தான் இருக்கும்.

மனைவிக்கு 47 வயது. பிறந்தநாளுக்கு ஒரு டிரஸ்ஸும் லெக்கிங்ஸும் வாங்கித்தர ஆசை. ஃப்ரீ சைஸ் என்றால் அளவு கேட்கத் தேவையில்லை அல்லவா?

தம்பி, மேலே இருக்கும் பதிலை இரண்டு முறை படியுங்கள். அப்புறம் அலமாரியில் அவர் அடிக்கடி எடுத்துப் போடும் லெக்கிங்ஸின் லேபிளைப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் கைப்பை வாங்கிக் கொடுங்கள்.

மாதவிடாய் நிற்கும் கட்டம். திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது. லெக்கிங்ஸ் போட்டால் இன்னும் மோசம். ஆனால் வெறுங்காலோடு டிரஸ் போடக் கூச்சம்.

லேபிளைப் படியுங்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, பருத்தியோ விஸ்கோஸோ (ரேயான் வகை) 95 சதவீதம், எலாஸ்டேன் 5 சதவீதம் அளவில் உள்ளதைத் தேடுங்கள். இரு கால் தையலும் சேரும் இடத்தில் தனியாக ஒரு வைர வடிவத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தையல் அறுக்காது. அந்தத் துண்டு பருத்தியாக இருந்தால் இன்னும் நல்லது. வியர்வையில் ஊறிய லெக்கிங்ஸோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் அந்தரங்கப் பகுதியில் பூஞ்சைத் தொற்றுக்கு வழி.

அதற்கும் அடங்காவிட்டால் லெக்கிங்ஸை விட்டுவிடுங்கள். டிரஸ்ஸுக்குக் கீழே தளர்வான, மெல்லிய பருத்தி நேர்வெட்டு பேன்ட் போடுங்கள். கூச்சமும் இல்லை, காற்றும் போகும். முன்பே சொன்னேனே, இப்போதைய ஸ்டைலும் அதுதான். கணுக்கால் வரை தொங்கும் டிரஸ் என்றால் கீழே எதுவுமே தேவையில்லை.

லெக்கிங்ஸின் இடுப்புப் பட்டை வயிற்றில் வரி போடுகிறது. சில நாள் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய் எரிகிறது.

வரி விழுவது சைஸ் பிரச்சினை. ஒல்லியான எலாஸ்டிக் ஓட்டிய பட்டையை விட்டு, நாலு விரல் அகலத்துக்குத் துணியாலேயே மடித்துத் தைத்த உயர்ந்த பட்டை வாங்குங்கள். மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் நரம்பு இடுப்பு மடிப்பருகே அழுந்தினால் இப்படி ஆகும், இறுக்கமான உடை அதற்கு ஒரு காரணம். இறுக்கமானதை இன்றே நிறுத்துங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள், எனக்கு எழுதாதீர்கள்.

காலில் வெரிகோஸ் நரம்பு. இறுக்கமான லெக்கிங்ஸ் போட்டால் அதற்கென்று தனி ஸ்டாக்கிங்ஸ் வாங்காமல் தப்பிக்கலாமா?

முடியாது. மருத்துவ ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி அளந்து செய்யப்படுகிறது. கடை லெக்கிங்ஸ் துணி போன போக்கில் அழுத்தும், பெரும்பாலும் தொடையில்தான். மருத்துவர் சொன்னதைப் போட்டு, அதன் மேல் நீளமான டிரஸ் போடுங்கள்.

தோல் நிற லெக்கிங்ஸ் போட்டால் கால் நீளமாகத் தெரியுமா?

தெரியாது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஒன்றுமே போடவில்லை என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். கால் நீளமாகத் தெரிய வேண்டுமென்றால் ஷூவும் லெக்கிங்ஸும் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

நடக்க நடக்க டிரஸ் லெக்கிங்ஸோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கிறது.

இரண்டும் என்ன துணி என்று எழுதவில்லை. பாலியஸ்டர் டிரஸ்ஸும் நைலான் லெக்கிங்ஸுமாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். உரசி உரசி மின்னேற்றம் ஆகிறது, வறண்ட காற்றில் அதிகம். இரண்டில் ஒன்றைப் பருத்திக்கு மாற்றுங்கள், அல்லது நடுவில் ஒரு மெல்லிய பருத்தி உள்பாவாடை. அவசரத்துக்கு, போடுவதற்கு முன் டிரஸ்ஸின் உள்பக்கம் முழுக்க ஒரு கம்பி ஹேங்கரைத் தடவி எடுங்கள்.

வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. தொடை உரசும் இடத்தில் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. முட்டியும் தொங்குகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

எப்படித் துவைத்தீர்கள் என்று சொல்லாமல் கடைக்காரரைத் திட்டச் சொல்கிறீர்கள். தொடை உரசினால் எந்தத் துணியிலும் கொஞ்சம் திரளத்தான் செய்யும். தனிப் பருத்தியில் அது நாளடைவில் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த வலுவான இழை பிடித்துக்கொண்டு விடாது. லேபிளைப் படியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

முட்டி தொங்குவது வேறு விஷயம். எலாஸ்டேன் சூட்டில் செத்துப்போகும். வெந்நீர், டிரையர், இஸ்திரி மூன்றுமே அதற்கு எமன். குளோரின் பிளீச்சும் ஆகாது. துணி மிருதுவாக்கும் திரவம் இழையின் மேல் படிந்து பிடிப்பைக் குறைக்கும், அதுவும் வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், ஜிப்பும் கொக்கியும் உள்ள துணிகளோடு சேர்க்காமல் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே லெக்கிங்ஸைப் போடாதீர்கள், நூல் பழைய நிலைக்குத் திரும்ப அதற்கு நேரம் வேண்டும்.

டிரஸ்ஸுக்குப் பதில் நீளமான டீ-ஷர்ட் போதுமா?

சீட் முழுக்க மூடினால் போதும். உட்காரும்போதும் மூட வேண்டும்.

வயது 56. போட்டோ அனுப்பியிருக்கிறேன். இந்த டிரஸ்ஸுக்கு இந்த லெக்கிங்ஸ் சரியா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

படம் இடுப்போடு முடிந்துவிட்டது, லெக்கிங்ஸே அதில் இல்லை. இருக்கிற பாதியும் ராத்திரி மஞ்சள் விளக்கில் எடுத்தது. பகல் வெளிச்சத்தில், தலை முதல் செருப்பு வரை தெரிகிற மாதிரி, நின்று ஒன்றும் உட்கார்ந்து ஒன்றும் எடுத்து அனுப்புங்கள். உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளையும் கிட்டத்தில் ஒரு படம்.