விளையில முருங்கை நிக்குது, ரத்தம் மட்டும் ஏன் 8.9?

கேள்வி: டாக்டர் வணக்கம். எனக்கு வயசு 43, திருவட்டாருக்கு பக்கத்துல ஊரு. வீட்ட சுத்தி 20 சென்ட் விளை உண்டு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சேனை, காச்சில், முருங்கை, கீரை, மட்டி வாழை, தென்னை எல்லாம் நான்தான் பாத்துக்கறேன். வீட்ல 6 பேர், மூணு நேரமும் என் கைச் சமையல்தான், கடையில வாங்கித் திங்கிற பழக்கமே கிடையாது. முருங்கை இலை வாரத்துல மூணு நாள் உண்டு. அப்படி இருந்தும் போன மாசம் டெஸ்ட் பாத்தா ஹீமோகுளோபின் 8.9, எம்சிவி 68ன்னு வந்திருக்கு. படி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொட்டுது, அரிசி களையும்போது ஒரு பிடி எடுத்து வாயில போட்டு மெல்லாம இருக்க முடியல. இவ்வளவு சத்தா சாப்பிட்டும் ஏன் இப்படி? மாத்திரை இல்லாம சாப்பாட்டுலயே சரி பண்ண முடியாதா? அப்புறம் மரச்சீனி வேகவச்ச தண்ணிய கொட்டினா சத்து போயிரும்னு மாமியார் சொல்றாங்க, உண்மையா?

பதில்: வணக்கம் சகோதரி. நீங்க எழுதினதுல ரிப்போர்ட்ட விட எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்த ஒரு பிடி அரிசிதான். பல பேரு இத வெளிய சொல்லவே மாட்டாங்க, வெக்கப்பட்டு மறைப்பாங்க, ஓபில நான் கேட்டா பக்கத்துல நிக்கிற மகள பாத்து சிரிப்பாங்க. இது கெட்ட பழக்கம் கிடையாது, உடம்புல இரும்புச்சத்து வறண்டு போனா வர்ற ஒரு அறிகுறி, பைக்கான்னு பேரு, சிலருக்கு அரிசி, சிலருக்கு சாம்பல், செங்கல் பொடி, சிலருக்கு ஐஸ் கட்டி. இரும்பு உள்ள போக ஆரம்பிச்சா ரத்தம் ஏறுறதுக்கு முன்னாடியே இந்த ஆசை பல பேருக்கு தானா போயிரும், அதனால நீங்க அதுக்காக உங்கள திட்டிக்க வேண்டாம்.

கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்கு மேல இருக்கணும், 8ல இருந்து 11க்குள்ள இருந்தா நடுத்தர ரத்தசோகைன்னு சொல்வோம், நீங்க அங்கதான் நிக்கிறீங்க. எம்சிவி 68ன்னா ரத்த அணுவோட சைஸ் சிறுத்துப் போச்சுன்னு அர்த்தம் (80க்கு மேல இருக்கணும்), அதுவும் இரும்பு பக்கம்தான் கைய காட்டுது.

இப்போ உங்க கேள்விக்கு வாரேன். இவ்வளவு சத்தா சாப்பிட்டும்னு கேக்கறீங்க, நான் திருப்பி கேக்கறேன், சத்தா சமைக்கிறீங்க சரி, சாப்பிடறீங்களா? காலைல பிள்ளைங்க ஸ்கூலுக்கு போறவரைக்கும் நின்னுட்டே ஒரு கட்டன் சாயா, மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு எழும்பினப்புறம் ரெண்டரை மூணு மணிக்கு சட்டில மிச்சம் இருக்கற மீன் சாறு, அதுல ஒரு தலையோ வாலோ, துவரன் (பொரியல்) தீந்து போயிருக்கும், அதனால ஒரு துண்டு நார்த்தங்கா ஊறுகாய், சோறு மட்டும் நெறைய. இது உங்க வீட்டு கதையான்னு எனக்கு தெரியாது, ஆனா தக்கலைல இருந்து குளச்சல் வரைக்கும் எங்கிட்ட வர்ற அம்மாக்கள்ல பாதி பேரு வீட்டு கதை இதுதான். நடுத்துண்டு அவருக்கு, முட்டை பிள்ளைங்களுக்கு, பால் மாமியாருக்கு. ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு தேவையான இரும்பு 19 மில்லிகிராம், மாசவிடாய் நிக்காத பெண்ணுக்கு 29, இது நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆர் 2020ல போட்ட கணக்கு. யாருக்கு கூடுதல் வேணுமோ அவங்க தட்டுலதான் கொறவா விழுது.

முருங்கை இலைய பத்தி நீங்க பெருமையா எழுதிருக்கீங்க, அது நல்ல இலைதான், சந்தேகமே இல்ல. ஆனா கணக்கு போட்டு பாருங்க. 100 கிராம் பச்சை இலையில இரும்பு 4, 5 மில்லிகிராம் இருக்கும். ஒரு கொப்பு ஒடிச்சு உருவி, தேங்கா போட்டு துவரன் வச்சா 6 பேருக்கு பங்கு போட்டு உங்களுக்கு வர்றது 30, 40 கிராம், அப்போ கூடிப்போனா ரெண்டு மில்லிகிராம்தான். அதுலயும் கீரையில இருக்கற இரும்ப நம்ம குடல் நூத்துல அஞ்சோ பத்தோதான் எடுத்துக்கும், மீன், இறைச்சி, ஈரல்ல இருக்கறது அதவிட ரெண்டு மூணு மடங்கு நல்லா ஏறும். மரச்சீனில இரும்பும் கொறவு, புரதமும் 100 கிராமுக்கு ஒரு கிராம் சுத்திதான், அது வயிறு நெறைக்கும், அவ்வளவுதான். மரச்சீனி கிழங்கும் சாளை மீன் கறியும்னு நம்ம பெரியவங்க சேத்து வச்சது சும்மா ருசிக்கு மட்டும் இல்ல, கிழங்குல இல்லாதது சாளையில உண்டு, ஆனா உங்க தட்டுல கிழங்கு மட்டும் வந்து சாளை பக்கத்து தட்டுக்கு போயிட்டா என்ன பிரயோஜனம்.

பீட்ரூட், மாதுளம்பழம்னு சிவப்பா இருக்கறதெல்லாம் ரத்தம் ஊறும்னு யாராவது சொல்லி பணத்த செலவு பண்ணாதீங்க. கருப்பட்டியும் அப்படித்தான், வெள்ளச்சீனிக்கு பதிலா போடலாம், மருந்துன்னு நெனச்சு கட்டி கட்டியா தின்னா சுகர்தான் ஏறும்.

அப்புறம் அந்த சாயா. சாப்பிட்டு கை கழுவின உடனே ஒரு சாயா குடிக்கிறது நம்ம ஊர்ல பாதி வீட்டு பழக்கம், கட்டனா இருந்தாலும் பால் விட்டதா இருந்தாலும் தேயிலைல இருக்கற டானின் கீரை இரும்ப புடிச்சு வச்சுக்கும், ஏற வேண்டியதுல பாதிக்கு மேல வீணா போகும். சாயாவ விட சொல்லல, சொன்னாலும் கேக்க மாட்டீங்க, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ தள்ளி குடிங்க. சாப்பாட்டோட ஒரு நெல்லிக்கா, இல்ல கொய்யா, இல்ல இறக்கி வச்சப்புறம் பிழியற எலுமிச்சை, இது மூணுல ஏதாவது ஒண்ணு இருந்தா கீரை இரும்பு நல்லா ஏறும், அடுப்புல கொதிக்கும்போது பிழிஞ்சா அந்த வைட்டமின் சி சூட்டுலயே போயிரும். சிறுபயறு, பெரும்பயறு ஊறவச்சு முளைகட்டி கஞ்சிக்கு வைங்க. மண்சட்டில மீன் கறி வைக்கிறது நம்ம ஊரு ருசி, அத நான் மாத்த சொல்லல, ஆனா கீரை, தக்காளி வதக்கறதுக்கு பழைய இரும்புச்சட்டி பரண்ல கிடந்தா இறக்கிக்கோங்க, புளிப்பு சேந்த கறியில சட்டி இரும்பு கொஞ்சம் இறங்கும்.

ஆனா இதெல்லாம் உள்ள போற கணக்கு. தொட்டில ஓட்டை இருந்தா எவ்வளவு தண்ணி கோரி விட்டாலும் நெறையாது. 43 வயசுல 8.9ன்னு வந்தா வெளிய போற கணக்கதான் நான் முதல்ல பாப்பேன், அத நீங்க கேள்வில ஒரு வரி கூட எழுதல.

மாசவிடாய் எத்தன நாள் போகுது? 7 நாள தாண்டுதா, கட்டி கட்டியா விழுதா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பேட் நனையுதா, ராத்திரி எழும்பி மாத்தணுமா? இந்த வயசுல இதெல்லாம் சகஜம்னு அக்காவும் அம்மாவும் சொல்லியிருப்பாங்க, சகஜம் இல்ல. கர்ப்பப்பைல ஃபைப்ராய்டு கட்டி இருக்கலாம், தைராய்டு கொறஞ்சாலும் ரத்தப்போக்கு கூடும், ஒரு ஸ்கேனும், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்ன்னு ஒரு ரத்த டெஸ்டும் பாத்துட்டா தெரிஞ்சிரும். மூலத்துல ரத்தம் போறது, மலம் தார் மாதிரி கறுப்பா போறது, மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கி அடிக்கடி போடற மாத்திரை, இதெல்லாமும் டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்க.

இன்னொண்ணு, நீங்க விளையில வேலை செய்யறவங்கங்கறதால கேக்கறேன், காலுல செருப்பு உண்டா? கொக்கிப்புழுன்னு ஒண்ணு உண்டு, வெதுவெதுப்பான, நெழல் விழற, ஈர மண்ணுல அதோட குஞ்சு உயிரோட கிடக்கும், வெறுங்கால் தோல தொளச்சு உள்ள போயி, ரத்தம் வழியா நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, விழுங்கினப்புறம் குடல்ல போயி கொக்கி போட்டு உக்காந்து ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிக்கிறது கொஞ்சம்தான், ஆனா கூட்டமா வருசக்கணக்குல குடிச்சா சோகை வராம என்ன செய்யும். ரெண்டு பருவமழையும் வாங்கற மாவட்டம் நம்ம கன்னியாகுமரி, ரப்பர் தோட்டமும் வாழைத்தோட்டமும் அதுக்கு வாகான எடம். இப்போ வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்ததால முன்ன மாதிரி இல்ல, ஆனா செப்டிக் டேங்க் நெறஞ்சு விளைக்குள்ள ஊறி வர்ற வீடுகள நானே பாத்திருக்கேன். மாட்டுச்சாணத்துல இருந்து இந்தப் புழு வராது, மனுச மலத்துல இருந்துதான் வரும், அதனால சாணி உரம் போடறதுக்கு பயப்பட வேண்டாம். கால் விரலிடுக்குல வர்ற சொறிய எல்லாரும் சேத்துப்புண்ணுன்னு விட்டுருவாங்க, அது சில நேரம் புழு நொழஞ்ச எடமா இருக்கும். மல பரிசோதனை ஒண்ணு குடுங்க, இருந்தா அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை பெரும்பாலும் போதும், கர்ப்பம் இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா மட்டும் அத போடறதுக்கு முன்னாடி சொல்லிருங்க. விளைக்கு போகும்போது மூடின ரப்பர் ஷூ போடுங்க, செருப்ப வரப்புல கழட்டி வச்சிட்டு இறங்கற வேலை வேண்டாம்.

மாத்திரை இல்லாம முடியுமான்னு கேட்டதுக்கு நேரா சொல்லிடறேன், 8.9ல இருந்து சாப்பாட்ட மட்டும் வச்சு ஏத்த முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா தர்ற மாத்திரை ஒண்ணுல 60 மில்லிகிராம் இரும்பு உண்டு, அத முருங்கையில எடுக்கணும்னா ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல இலை திங்கணும், ஆடு கூட யோசிக்கும். முதல்ல உடம்புல சேத்து வச்ச இரும்ப காட்டற ஃபெரிட்டின் டெஸ்ட் பாத்து இரும்புக் கொறவுதான்னு உறுதி பண்ணுங்க, ஏன்னா தலசீமியாங்கற ரத்தக் கோளாறு பரம்பரையா லேசா இருக்கறவங்களுக்கும் எம்சிவி கொறஞ்சு காட்டும், அவங்களுக்கு கண்ண மூடிட்டு இரும்பு குடுக்கக் கூடாது. மாத்திரை தினமுமா ஒரு நாள் விட்டு ஒரு நாளான்னு உங்க டாக்டர் சொல்வாரு, ஒரு மாத்திரை போட்டதும் குடல் அடுத்த நாள் கொஞ்சம் கதவடைக்கும், அதனால விட்டு விட்டு போடறதுலயும் நல்லா ஏறும், வயித்து எரிச்சலும் கொறவு. சாயா, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அது கூட வேண்டாம், எலுமிச்சை தண்ணில போடுங்க. மலம் கறுப்பா போகும், அது மாத்திரையால, பயப்படாதீங்க. ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறணும், ஏறலன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம், திரும்ப தேடணும். 12 வந்ததும் நிறுத்திராதீங்க, உடம்புல இரும்பு சேத்து வைக்கிற கிட்டங்கியும் நெறையணும், அதுக்கு இன்னும் மூணு மாசம் போடணும்.

சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டுது, நெஞ்சு வலிக்குது, தல சுத்தி விழறீங்க, இல்ல பேட் மணிக்கொண்ணு நனையுதுன்னா என் பதிலையெல்லாம் ஓரமா வச்சிட்டு அன்னிக்கே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோ பக்கத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரியோ போயிருங்க.

மாமியார் சொன்னதுக்கு பதில், மரச்சீனி தண்ணிய கொட்டத்தான் வேணும். அந்தக் கிழங்குல லினமாரின்னு ஒண்ணு உண்டு, அதுல இருந்து சயனைடு பிரியும், கசப்பு கூடின கிழங்குல அதிகம். தொலிய நல்லா உரிச்சு, சின்னதா நறுக்கி, நெறைய தண்ணில தொறந்த பாத்திரத்துல வேகவச்சு வடிச்சிருங்க, குக்கர்ல கொஞ்சூண்டு தண்ணி விட்டு விசில் வைக்கிறது இதுக்கு ஆகாது. அந்த தண்ணியோட கொஞ்சம் வைட்டமின் போகும்தான், போகட்டும்.