அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் இருக்கும் ‘சிட்டி’ சிற்பத்தைப் பார்க்க ஒரு நாளுக்கு 6 பேரை மட்டும் விடுவது ஏன்?

சிட்டி ஒரு நிலக்கலை. அதாவது, சிலை செய்து நிலத்தில் வைப்பதில்லை, நிலத்தையே வெட்டிக் குவித்துச் சிற்பமாக்குவது. அமெரிக்கச் சிற்பி மைக்கேல் ஹைசர் இதை 1970-ல் தொடங்கினார், மண்ணும் பாறையும் கான்கிரீட்டுமாகச் சுமார் 2.4 கிலோமீட்டர் நீளம், 2022-ல்தான் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள்.

புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையை எதிரே நின்று ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்; இது சிதம்பரம் கோயில் பிராகாரம் மாதிரி, சுற்றி நடந்தால்தான் அளவு காலுக்குத் தெரியும், அதுவும் கூட்டமில்லாத நேரத்தில் நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். அந்த வெறுமையும் அமைதியும் சிற்பத்தில் பாதி, அதனால்தான் 6 பேர்.

சரி, போக நினைத்தால் முன்பதிவு கட்டாயம், ஆலமோ என்ற சிற்றூரிலிருந்து சிற்பத்தை நிர்வகிப்பவர்களே வண்டியில் அழைத்துப் போவார்கள்.

அப்புறம், பெயரை வைத்து அதற்குள் வீடு, கடை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடம் போலத் தெரிவதெல்லாம் மண்மேடும் கான்கிரீட் வடிவங்களும்தான்.