பணம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

வேலூரில் எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

சிஸ்டர், என் இளைய மகனுக்கு 4 வயது. தலசீமியா, உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அண்ணனின் மஜ்ஜை பொருந்தினால் குணப்படுத்தலாம் என்கிறார் டாக்டர். பெரியவனுக்கு 7 வயது. முதுகெலும்பில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று மாமியார் அழுகிறார். என் கணவர் எனக்குத் தாய்மாமன். தோல் தொழிற்சாலையில் வேலை. நிலத்தை விற்றுவிட்டுப் பரிசோதனைக்கு வரலாமா?
— வாசகி, பேரணாம்பட்டு

வேண்டாம், மகளே. பரிசோதனைக்கு இந்த மாதமே போங்கள்.

ஒடுகத்தூர் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. கிணற்றோடு இருந்த கடலைக் கொல்லையை விற்க 6 வருடம் அலைந்தார்கள். பங்காளிகள் கையெழுத்துப் போடவில்லை. பணம் கைக்கு வந்தபோது பையனுக்கு 11 வயது. அக்காவின் மஜ்ஜை முழுமையாகப் பொருந்தியது. ஆனால் அவனுடைய கல்லீரல் விலாவுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. ஏற்றிய ரத்தத்தின் இரும்பெல்லாம் உடம்பில் படிந்திருந்தது. இரும்பை வெளியேற்றும் மாத்திரையைச் செலவுக்குப் பயந்து பாதி நாள் நிறுத்தியிருந்தார்கள். மாற்று நடந்தது, பிழைத்தான். ஆனால் மற்றக் குழந்தைகள் ஐந்தாறு வாரத்தில் வெளியே போகும் வார்டில் அவன் மூன்று மாதம் கிடந்தான். “பொருந்தும் என்று அப்போதே தெரிந்திருந்தால் கடனையாவது வாங்கியிருப்போமே, சிஸ்டர்” என்று அந்தத் தாய் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பதும் உண்டு. ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ். அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு இதை இலவசமாகச் செய்து தருகிறது. ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள். சொந்தத்தில் மணந்தவர்கள் என்பதால் நீங்கள் இருவரும் சேர்ந்தே கொடுங்கள். அப்பாவே முழுமையாகப் பொருந்திய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: முதுகெலும்பைத் தொடுவதே இல்லை. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் உறிஞ்சுகிறார்கள். இறைத்த கிணறு போல, சில வாரங்களில் அது தானாக ஊறிவிடும். இரண்டு மூன்று நாள் இடுப்பு வலிக்கும். மறுநாளே பிளாஸ்திரியோடு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று தம்பிக்குக் கையசைத்த அண்ணன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னவனுக்கும் வெட்டு, தையல் இல்லை. அண்ணனின் மஜ்ஜை, ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாக ஏறும். பெரிய ஆபரேஷன் என்று நினைத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார்கள், கம்பியில் தொங்கும் கருஞ்சிவப்புப் பையைப் பார்த்து “இவ்வளவுதானா?” என்பார்கள். கடினமான நாட்கள் அதற்கு முன்னும் பின்னும்தான். முதலில் கடுமையான மருந்து கொடுத்து அவனுடைய பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். பிறகு புதியது பிடித்து வெள்ளணுக்கள் ஏறும்வரை, இரண்டு முதல் நான்கு வாரம், ஒரு காய்ச்சல்கூட ஆபத்து. சின்ன வயதும் பொருத்தமான உடன்பிறப்பும் அமைந்தால் பத்தில் எட்டு, ஒன்பது குழந்தைகள் குணமாகிறார்கள். மற்ற ஒருவர் இருவரை உங்களிடமிருந்து மறைக்க எனக்கு மனமில்லை.

செலவு 10 லட்சத்தைத் தாண்டலாம். கோல் இந்தியா நிதியில் 2017-ல் தொடங்கிய தலசீமியா பால் சேவா யோஜனா, குடும்பத்திலேயே மஜ்ஜை பொருந்திய சிறு குழந்தைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வருமான வரம்பு உண்டு. வேலூர் சி.எம்.சி.யும் அதன் பட்டியலில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தில் எடுத்துவிடுங்கள். இந்தப் பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். ஆனால் முதல் 100 நாட்கள் பக்கத்திலேயே தங்க ஒரு சுத்தமான அறை, தனிச் சமையல், கணவரின் விட்டுப்போன கூலி இதற்கெல்லாம் வராது. நீங்கள் சேர்க்க வேண்டிய பணம் இதற்குத்தான். அதுவரை இரும்பை வெளியேற்றும் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள்.

காட்பாடியிலிருந்து என் ஆட்டோவில் ஏறும் வங்காளக் குடும்பங்கள் மாதக்கணக்கில் இங்கே தங்குகிறார்கள். இந்தச் சிகிச்சையை அவர்கள் ஊரிலேயே செய்ய முடியாதா?
— வாசகர், தோட்டப்பாளையம்

செய்ய முடியும், தம்பி. வேலூரில் 1986-ல் டாக்டர் மாமன் சாண்டியின் குழு முதல் மாற்றைச் செய்தபோது நம் நாட்டில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. வடிகட்டிய காற்று வரும் அறை, கதிர்வீச்சு செய்த ரத்தம், இரவிலும் இயங்கும் ஆய்வுக்கூடம் இதையெல்லாம் விலைக்கு வாங்கிவிடலாம். நடுநிசியில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலைப் பார்த்ததும் ஒரு நிமிடம் தாமதிக்காத செவிலியரை வாங்க முடியாது. பழக்கித்தான் எடுக்க வேண்டும். இத்தாலியின் கியூர் டூ சில்ரன் அமைப்பு பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் அப்படித்தான் செய்கிறது. பொருத்தமான உடன்பிறப்பு உள்ள சின்னக் குழந்தைகளை முதலில் எடுத்துக்கொண்டு, அந்தந்த ஊர் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பழக்கி, சிறிய மையங்களை நிலைநிறுத்துகிறது. வங்காளத்துத் தாய் ஒருத்தி லாட்ஜ் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் நாள் எண்ணிக் கோடு போட்டு வைத்திருந்தாள். அவள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இப்படி ஒரு வார்டு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கல்லூரி முகாமில் ஸ்டெம் செல் கொடையாளராகப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— மாணவி, காட்பாடி

18 வயது நிறைந்திருந்தால் அவசியம் செய்யுங்கள். மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உருவாக்கும் தாய் செல்தான் ஸ்டெம் செல். உடன்பிறப்பு பொருந்தாத நம் குழந்தைகளுக்கு, நம் மக்களிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். பெரும்பாலும் கை நரம்பு வழியாகத்தான் எடுக்கிறார்கள்; அதற்கு முன் சில நாட்கள் ஊசி போடுவார்கள், உடம்பு வலிக்கும். ஆனால் முகாமுக்குப் போவதற்கு முந்தின இரவே அப்பா அம்மாவிடம் பேசிவிடுங்கள். அழைப்பு வந்து, நீங்கள் சம்மதித்த பிறகு, அங்கே ஒரு குழந்தையின் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த நாளில் வீட்டில் வேண்டாம் என்று சொன்னால், அந்தக் குழந்தைக்குத் திரும்பிப் போக வழியில்லை.